சிறைக்கும் கடைக்கும் நடுவே: அமெரிக்க மாநிலங்களின் கஞ்சாச் சட்டங்கள்



கஞ்சாவைப் பற்றியா அறக்கட்டளைச் சொற்பொழிவு என்று அழைப்பிதழைப் பார்த்தவர்களில் சிலர் என்னிடமே கேட்டார்கள். கேட்டவர்களில் இரண்டு பேர் முன்வரிசையில் அமர்ந்திருப்பதைப் பார்க்கிறேன், மகிழ்ச்சி. அந்தச் செடி நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை. 2023 நவம்பரில் ஒஹாயோ சேர்ந்ததோடு, அமெரிக்காவின் 24 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் 21 வயது நிரம்பியவர்கள் கஞ்சா வைத்திருப்பது குற்றமில்லை என்று சட்டம் செய்துவிட்டன. அதே நாட்டின் கூட்டாட்சிச் சட்டம் அதைக் குற்றம் என்கிறது. இப்படியொரு நிலை எப்படி வந்தது, அதனால் யார் பிழைத்தார்கள், யார் கெட்டார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு.

1937இல் மரிஹுவானா வரிச் சட்டம் வந்தது. பெயரில்தான் வரி, நடைமுறையில் தடை. அதன் பின்னே நின்றவர் ஹாரி ஆன்ஸ்லிங்கர். கூட்டாட்சிப் போதைப்பொருள் துறையின் ஆணையர் நாற்காலியில் 1930இல் அமர்ந்து 1962 வரை எழுந்திருக்காதவர். மெக்சிகோவிலிருந்து பிழைக்க வந்தவர்கள் மீதும் கறுப்பின இசைக்கலைஞர்கள் மீதும் அன்றிருந்த வெறுப்பை இந்தச் செடியின் தலையில் கட்டியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. வரி கட்டப் போனாலே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்ற விசித்திரமான அந்தச் சட்டத்தை 1969இல் உச்ச நீதிமன்றம் வீழ்த்தியது. மறு ஆண்டே அதைவிடக் கடுமையான ஒன்று வந்தது. 1970ஆம் ஆண்டின் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்கள் சட்டம் கஞ்சாவை முதல் பட்டியலில், ஹெராயினுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தது. கொக்கைன் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அதாவது, சட்டத்தின் கண்ணில் கொக்கைனுக்குச் சற்று மரியாதை அதிகம்.

இந்தப் பட்டியல் சரிதானா என்று ஆராய, பென்சில்வேனியாவின் முன்னாள் ஆளுநர் ரேமண்ட் ஷேஃபர் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அவர் அதிபர் நிக்சனின் கட்சிக்காரர், நிக்சனே அமர்த்தியவர். 1972இல் அந்தக் குழு, சொந்த உபயோகத்துக்குச் சிறிதளவு வைத்திருப்பவர்களைக் குற்றவாளியாக்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது. நிக்சன் அறிக்கையை ஓரங்கட்டினார். குழு போட்டு அறிக்கை வாங்கிப் பரண்மேல் போடுவது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல என்பதில் நமக்கு ஓர் ஆறுதல். ஆனால் அடுத்த ஆண்டே ஆரிகன் மாநிலம் அந்தப் பரிந்துரையின் வழியில் சிறைத் தண்டனையை நீக்கி அபராதத்தோடு நிறுத்திக்கொண்டது. 1996இல் கலிஃபோர்னியா மக்கள் வாக்களித்து மருத்துவப் பயன்பாட்டை அனுமதித்தார்கள். 2012 நவம்பரில் கொலராடோவும் வாஷிங்டன் மாநிலமும் மருத்துவக் காரணம் ஏதுமின்றியே அனுமதித்தன. 2014 ஜனவரி முதல் தேதி கொலராடோவில் கடை திறந்தது.

சட்டம் பயில்கிறவர்கள் 2005இல் வந்த கொன்சாலஸ் எதிர் ரைச் தீர்ப்பை அவசியம் படிக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் ஒரு நோயாளி, மாநிலச் சட்டம் அனுமதித்தபடி, தன் உபயோகத்துக்காக வளர்த்த ஆறு செடிகளைக் கூட்டாட்சி அதிகாரிகள் பிடுங்கி அழித்தார்கள். விலைக்கு விற்காத, மாநில எல்லையைத் தாண்டாத ஆறு செடிகள். மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தை முறைப்படுத்தும் அதிகாரத்தின் கீழ் இதுவும் வரும் என்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் நீதிமன்றம் சொன்னது. எதிர்த்து எழுதியவர் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர். தான் கலிஃபோர்னிய வாக்காளராக இருந்திருந்தால் இந்தச் சட்டத்துக்கு வாக்களித்திருக்க மாட்டேன் என்பதை அவர் மறைக்கவில்லை. ஆனாலும், ஒரு மாநிலம் தன் மக்கள் மீது ஒரு சோதனை நடத்திப் பார்க்க விரும்பினால் கூட்டாட்சி முறை அதற்கு இடம் விட வேண்டும் என்றார். தனக்குப் பிடிக்காத சட்டத்துக்காக ஒருவர் இப்படி வாதாடுவது அபூர்வம்.

தீர்ப்பு அப்படி இருந்தும் மாநிலங்கள் எப்படித் துணிந்தன? கூட்டாட்சி அரசிடம் சட்டம் இருந்தது. தெருத்தெருவாகப் போய் அதை நிறைவேற்றப் போதுமான ஆள் இல்லை. கைது செய்கிற காவலர்களில் மிகப் பெரும்பாலோர் மாநிலத்தின், நகரத்தின் சம்பளக்காரர்கள். 2013 ஆகஸ்டில் நீதித்துறை ஒரு குறிப்பாணை மூலம், சிறுவருக்கு விற்காமல், மாநில எல்லை தாண்டாமல் பார்த்துக்கொண்டால் நாங்கள் கண்டுகொள்ள மாட்டோம் என்று கோடிகாட்டியது. 2018 ஜனவரியில் இன்னோர் அரசு அந்தக் குறிப்பாணையைக் கிழித்துப் போட்டது. கடைகள் மூடவில்லை. இத்தனை பெரிய ஒரு தொழில் இன்றும் கூட்டாட்சி அரசின் பாராமுகத்தை நம்பித்தான் நடக்கிறது.

பாராமுகத்துக்கும் ஒரு விலை உண்டு. பெரும்பாலான வங்கிகள் இந்தக் கடைகளுக்குக் கணக்குத் திறக்கத் தயங்குகின்றன. ரொக்கமாகவே வியாபாரம் நடப்பதால் கொள்ளையர்களுக்குக் கொண்டாட்டம். வருமான வரிச் சட்டத்தின் 280இ பிரிவு, தடைசெய்யப்பட்ட பொருளை விற்பவர் வாடகையையும் சம்பளத்தையும் செலவாகக் கழித்துக்கொள்ள விடாது. மாநிலச் சட்டத்துக்கு உட்பட்ட வியாபாரி, சட்டவிரோத வியாபாரிக்குரிய வரியைக் கட்டுகிறார். இந்த அரங்கில் இருப்பவர்களுக்கு நெருக்கமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பிள்ளைகள் பலர் சியாட்டிலிலும் சான் ஹோசேயிலும் இருக்கிறார்கள். அங்கே கடைக்குள் நுழைந்து, அடையாள அட்டையைக் காட்டி, ரசீதோடு வாங்கி வரலாம். ஆனால் குடியேற்றம் கூட்டாட்சி அரசின் கையில். 2019 ஏப்ரலில் குடியேற்றத் துறை வெளியிட்ட வழிகாட்டுதல்படி, மாநிலச் சட்டம் அனுமதித்தாலும் கஞ்சா சார்ந்த செயல்கள், அந்தத் தொழிலில் வேலை பார்ப்பது உட்பட, குடியுரிமை கேட்பவரின் நன்னடத்தைக்குக் குறையாகலாம். பக்கத்து மேசை அமெரிக்கருக்கு வார இறுதிப் பொழுதுபோக்காக இருப்பது, கிரீன் கார்டில் இருப்பவருக்கு எதிர்காலத்தையே கேள்விக்குறியாக்கலாம்.

சட்டமாக்கலை ஆதரிப்பவர்களின் வாதங்களில் எனக்கு மிக வலுவாகப் படுவது கைதுகள் பற்றியது. அமெரிக்கக் குடிமை உரிமைகள் ஒன்றியம் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2001 முதல் 2010 வரை கஞ்சாவுக்காக 82 லட்சம் கைதுகள் நடந்தன. அவற்றில் 88 விழுக்காடு வெறுமனே வைத்திருந்ததற்காக. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் பயன்படுத்துகிறார்கள். கைதாகும் வாய்ப்போ கறுப்பினத்தவருக்கு 3.73 மடங்கு. ஒரு கைது என்பது ஓர் இரவுச் சிறையோடு முடிவதில்லை. வேலைக்கு மனுப்போடும்போது, வாடகைக்கு வீடு கேட்கும்போது, அந்தப் பதிவு முன்னே வந்து நிற்கும். கொலராடோவில் 2012இல் 13,225 ஆக இருந்த கஞ்சாக் கைதுகள் 2019இல் 4,290 ஆகக் குறைந்தன. இல்லினாய் பழைய கைதுப் பதிவுகளில் ஏறத்தாழ 5 லட்சத்தை அழித்தது. மேரிலாந்து ஆளுநர் வெஸ் மூர் 2024 ஜூனில் ஒரே கையெழுத்தில் 1,75,000க்கும் மேற்பட்ட தண்டனைகளுக்கு மன்னிப்பு வழங்கினார். இந்த எண்களுக்கு எதிரே வைக்க மறுதரப்பிடம் சரியான பதில் இல்லை. கொலராடோவில் மிஞ்சிய கைதுகளிலும் கறுப்பினத்தவரின் விகிதம் வெள்ளையரைப் போல் இரு மடங்கு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சட்டத்தை மாற்றலாம், காவலரின் கண் எங்கே போகிறது என்பதை மாற்றுவது வேறு வேலை.

இனி உடல்நலம். இதில் இரு தரப்பும் தமக்கு வேண்டிய பக்கத்தை மட்டும் படிக்கின்றன. அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் 2017 ஜனவரியில் ஒரு பெரிய தொகுப்பறிக்கை வெளியிட்டன. வளர்ந்தவர்களின் நாட்பட்ட வலி, கீமோதெரபியால் வரும் குமட்டல், தண்டுவட மரப்பு நோயாளிகள் சொல்லும் தசை இறுக்கம் ஆகியவற்றுக்குப் பயன் உண்டு என்பதற்கு நல்ல சான்று இருப்பதாக அது சொல்கிறது. அதே அறிக்கைதான், அதிகம் பயன்படுத்துவோருக்கு மனச்சிதைவு போன்ற நோய்கள் வரும் ஆபத்து கூடுவதோடு உள்ள தொடர்புக்கும் வலுவான சான்று உண்டு என்கிறது. ஓட்டுநரின் விபத்து ஆபத்தும் அதே பட்டியலில் வருகிறது. அங்கே காவலருக்கு ஒரு சிக்கல். மதுவுக்கு ஊதிப் பார்க்கும் கருவி உண்டு. கஞ்சாவில் போதை தரும் டிஎச்சி என்ற பொருள் ரத்தத்தில் தங்கும் அளவுக்கும் தலையில் ஏறிய போதைக்கும் அப்படி நேரான கணக்கு கிடையாது. வாஷிங்டன் மாநிலம் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்துக்கு 5 நானோகிராம் என்று வரம்பு வைத்தது. தினமும் புகைப்பவர் தெளிவாக இருக்கும்போதே அதைத் தாண்டலாம். புதியவர் தள்ளாடும்போதும் அதற்குக் கீழே இருக்கலாம்.

பள்ளி மாணவர்கள் கெட்டுப்போவார்கள் என்பதே எதிர்ப்பாளர்களின் பெரிய அச்சமாக இருந்தது. அது, குறைந்தபட்சம் கொலராடோவில், பலிக்கவில்லை. 2013இல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் ஐந்தில் ஒருவர் கடந்த மாதத்தில் பயன்படுத்தியதாகச் சொன்னார்கள். 2021இல் அது 13 விழுக்காட்டை ஒட்டி இருந்தது. ஆபத்து யாரும் பார்க்காத பக்கத்திலிருந்து வந்தது. மிட்டாய், சாக்லேட், பிஸ்கட் வடிவில் கஞ்சா விற்கத் தொடங்கினார்கள். அமெரிக்க நச்சு முறிவு மையங்களுக்கு, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை அதைத் தின்றுவிட்டதாக வந்த தகவல்கள் 2017இல் 207; 2021இல் 3,054. கொலராடோ 2017இல் விலங்கு, மனிதர், பழ வடிவ மிட்டாய்களைத் தடைசெய்தது. குழந்தையின் கண்ணைக் கவரும் வடிவில் போதைப்பொருளைச் செய்யக் கூடாது என்பதற்கு ஒரு விதி தேவைப்பட்டது, அதுவும் கடை திறந்து மூன்றாண்டு கழித்து என்பதை யோசித்துப் பாருங்கள்.

இங்கேதான் என் வாதம் தொடங்குகிறது. கைது செய்யாமல் விடுவது ஒரு முடிவு. கடை திறந்து விளம்பரம் செய்து விற்பது வேறொரு முடிவு. கஞ்சாவை அனுமதித்த மாநிலங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி வாக்காளர் கையில் கொடுத்துவிட்டன. சிறைக்கும் கடைக்கும் நடுவே இருந்த இடமெல்லாம் பார்வையிலிருந்து மறைந்துபோயிற்று.

கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் ஜோனதன் கால்கின்ஸ் 2024இல் வெளியிட்ட ஆய்வு, தேசிய ஆய்வுத் தரவுகளைக் கொண்டு, 2022இல் தினமும் அல்லது ஏறக்குறையத் தினமும் கஞ்சா பயன்படுத்தும் அமெரிக்கர்கள் 1 கோடியே 77 லட்சம் பேர் என்கிறது. அதே அளவில் மது அருந்துபவர்கள் 1 கோடியே 47 லட்சம். 1992இல் அந்த முதல் எண் பத்து லட்சத்துக்கும் கீழே. முழுப் பழியையும் மாநிலச் சட்டங்கள் மேல் போட முடியாது. கேட்டால் உண்மையைச் சொல்லும் கூச்சமின்மையும் இந்த முப்பது ஆண்டுகளில் கூடியிருக்கும். ஆனால் வியாபாரத்தின் கணக்கு இதில் தெளிவாகத் தெரிகிறது. மாதத்துக்கு ஒருமுறை விருந்தில் புகைப்பவரால் கடை ஓடாது. தினமும் வருகிறவரால்தான் ஓடும். அவரைத் தினமும் வரவைப்பதே தொழிலின் நலன். அவர் குறைத்துக்கொள்வது மருத்துவரின் விருப்பம். சட்டம் வியாபாரியிடம் சாவியைக் கொடுத்தது.

கொலராடோவில் 2015 தொடக்கத்தில் ஒரு பவுண்டு கஞ்சாப் பூவின் மொத்த விலை 2,000 டாலரை ஒட்டி இருந்தது. 2023இல் அது 800க்கும் கீழே போயிற்று. 1990களின் நடுவில், பிடிபட்ட கஞ்சாவில் டிஎச்சியின் அளவு சராசரி 4 விழுக்காடு. இன்றைய கடைகளில் 20 சாதாரணம். பிழிந்தெடுத்த சாறுகளில் 60, 80 என்று போகிறது. மலிவும் வீரியமும் ஒன்றாகக் கூடின. அறிவியல் கழகங்கள் ஆராய்ந்த கஞ்சாவும் இன்று கடையில் இருக்கும் கஞ்சாவும் ஒன்றல்ல என்பதால், பழைய ஆய்வுகளைக் காட்டி ஆபத்தில்லை என்று சொல்வது நேர்மையாகாது. பல பத்தாண்டுகள் ஆராய்ச்சிக்கான கஞ்சாவை மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் ஒரே பண்ணையிலிருந்துதான் வாங்க வேண்டும் என்று வைத்திருந்த கூட்டாட்சி அரசுக்கும் இந்தக் குழப்பத்தில் பங்குண்டு. மருத்துவப் பயன் நிரூபிக்கப்படவில்லை என்பதால் முதல் பட்டியல். முதல் பட்டியலில் இருந்ததால் நிரூபிக்க வழியில்லாமல் போயிற்று.

அப்படியானால் அரசே விற்றிருக்கலாமே என்று தமிழ்நாட்டு அவையில் யாராவது கேட்காமல் இருக்க மாட்டீர்கள். 2003 முதல் டாஸ்மாக் கடைகளைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். கனடாவின் கியூபெக் மாகாணம் அப்படித்தான் விற்கிறது. அமெரிக்க மாநிலத்தால் அது எளிதில் முடியாது. அரசு ஊழியர் ஒருவர் கல்லாவில் உட்கார்ந்து விற்றால், மாநில அரசே கூட்டாட்சிக் குற்றத்தைச் செய்ததாகும். வாஷிங்டன் மாநிலத்தின் நார்த் பொன்வில் என்ற சிற்றூர் மட்டும் 2015இல் ஊராட்சிக்குச் சொந்தமான கடை ஒன்றைத் திறந்து பார்த்தது. கூட்டாட்சித் தடை கஞ்சாவைத் தடுக்கவில்லை. தனியார் லாபமில்லாத விற்பனை முறைகளைத்தான் தடுத்தது. தடையை ஆதரிப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். அரசு விற்றால் ஒழுங்காகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. கருவூலம் எந்தப் போதைக்கு அடிமையாகும் என்பது நமக்குத் தெரியாததா?

உரிமமும் வரியும் என்ற யோசனை கொலராடோவின் தலைநகர் டென்வரில் பிறந்ததும் இல்லை. 1893இல் பிரிட்டிஷ் இந்திய அரசு மக்வொர்த் யங் தலைமையில் இந்தியக் கஞ்சா ஆய்வுக் குழுவை அமைத்தது. 1,193 சாட்சிகளை விசாரித்து, 1894இல் குழு முடிவு சொன்னது: மிதமான பயன்பாட்டால் பெரிய கேடில்லை, அளவு மிஞ்சினால் உண்டு, முழுத் தடை தேவையுமில்லை, உசிதமுமில்லை, உரிமமின்றிப் பயிரிடக் கூடாது, கடைகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், வைத்திருக்கும் அளவுக்கு வரம்பு வேண்டும், வரி போதிய அளவு இருக்க வேண்டும். அந்த வரி எதற்கு என்பதில்தான் வேறுபாடு. குழு வரியைக் கட்டுப்பாட்டுக் கருவியாகப் பார்த்தது; விலை ஏறினால் அளவு குறையும் என்பது அதன் கணக்கு. காலனி அரசுக்குக் கல்லாப்பெட்டி மீதும் கண் இருந்தது, அது வேறு. கொலராடோ வாக்காளரிடம் சொல்லப்பட்டதோ, ஆண்டுதோறும் முதல் 4 கோடி டாலர் பள்ளிக் கட்டடங்களுக்குப் போகும் என்பது. வரவு குறையக் கூடாது என்ற கவலை முதல் நாளே சட்டத்துக்குள் குடியேறிவிட்டது.

அந்த வரவும் சொன்ன அளவுக்குப் பெரிதல்ல. உச்சத்தில் இருந்த 2021இல் கொலராடோவுக்குக் கிடைத்தது சுமார் 42 கோடி டாலர். மாநில வரவுசெலவில் நூற்றில் ஒன்றை ஒட்டியது. பக்கத்து மாநிலங்களும் கடை திறக்கத் திறக்க அதுவும் இறங்கிவிட்டது.

கள்ளச் சந்தை ஒழியும் என்ற வாக்குறுதியைப் பற்றி நீட்டாமல் சொல்கிறேன். கலிஃபோர்னியாவில் பாதிக்கும் மேற்பட்ட நகரங்களும் மாவட்டங்களும் தங்கள் எல்லைக்குள் கடையை அனுமதிக்கவில்லை, வரியோ அதிகம், கள்ளச் சந்தை அப்படியே இருக்கிறது. நியூயார்க் 2021இல் சட்டம் செய்து, முன்பு கஞ்சா வழக்கில் தண்டனை பெற்றவர்களுக்கு முதல் உரிமம் என்று உயர்ந்த நோக்கத்தோடு தொடங்கியது. வழக்குகளிலும் தாமதத்திலும் அது சிக்கிக் கிடந்தபோது, உரிமமே இல்லாத கடைகள் நியூயார்க் நகரத்தில் ஆயிரத்துக்கும் மேல் முளைத்துவிட்டன. நல்ல நோக்கத்துக்கு நல்ல நிர்வாகம் கிடைக்காத கதை.

யாருக்குக் கடை என்ற கேள்வியை வாக்காளர்கள் கேட்டதே இல்லை என்று நினைக்காதீர்கள். 2015இல் ஒஹாயோவில் ஒரு திருத்தம் வாக்குக்கு வந்தது. கஞ்சாவை அனுமதிக்கும் திருத்தம்தான். ஆனால் வணிகப் பயிரை 10 குறிப்பிட்ட இடங்களில் மட்டும் வளர்க்கலாம் என்று அரசியலமைப்பிலேயே எழுதிவிடப் பார்த்தார்கள். அந்த இடங்கள் பிரசாரத்துக்குப் பணம் போட்டவர்களுடையவை. மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் எதிர்த்து வாக்களித்தார்கள். எட்டாண்டுக்குப் பின் அந்த ஏற்பாடு இல்லாத சட்டத்துக்கு 57 விழுக்காட்டினர் அதே மாநிலத்தில் ஆதரவளித்தார்கள். கஞ்சா வேண்டுமா என்ற கேள்வியையும் யார் விற்பது என்ற கேள்வியையும் பிரித்துப் பார்க்கும் தெளிவு மக்களிடம் இருந்தது.

ஓ'கானரைப் போல நானும் வாக்காளர் இடத்தில் நின்று சொல்லிவிடுகிறேன். 2012இல் கொலராடோவில் எனக்கு வாக்கு இருந்திருந்தால் ஆதரவாகப் போட்டிருப்பேன். அது அரசியலமைப்பிலேயே வீட்டில் ஆறு செடி வளர்க்கும் உரிமையைத் தந்தது; கைதுகளை நிறுத்த இந்த அளவுக்கு முன்வந்த மாநிலம் அன்றைக்கு அரிது. 2024 நவம்பரில் ஃப்ளோரிடாவில் வாக்கு இருந்திருந்தால் எதிராகப் போட்டிருப்பேன். அங்கே திருத்தத்துக்கான பிரசாரச் செலவில் 10 கோடி டாலருக்கும் மேல் கொடுத்தது, ஏற்கெனவே அந்த மாநிலத்தில் மருத்துவக் கஞ்சா விற்கும் ட்ரூலீவ் என்ற ஒரே நிறுவனம். திருத்தம் விற்பனையை அப்போதிருந்த உரிமதாரர்களிடம் கொடுத்தது. வீட்டில் ஒரு செடி வளர்க்கவும் அனுமதி தரவில்லை. 56 விழுக்காட்டினர் ஆதரித்தும், 60 வேண்டும் என்ற விதியால் அது தோற்றது.

எதிர்த்து வாக்களித்தால், ஃப்ளோரிடாவில் 20 கிராமுக்கு உட்பட்டு வைத்திருப்பவர் இன்றும் ஓராண்டுச் சிறைக்கு ஆளாகலாம், அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தத் தண்டனையை நீக்க ஒரு கடையும் திறக்க வேண்டியதில்லை, சட்டமன்றம் ஒரு சிறிய சட்டம் இயற்றினால் போதும் என்பதே என் பதில். வெர்மான்ட் 2018இல் அதைத்தான் செய்தது. வாக்கெடுப்பில்லாமல் சட்டமன்றமே இயற்ற, குடியரசுக் கட்சி ஆளுநர் ஃபில் ஸ்காட் கையெழுத்திட்டார். ஓர் அவுன்ஸ் வரை வைத்திருக்கலாம், முற்றிய செடி இரண்டு வளர்க்கலாம், விற்கக் கூடாது. அங்கே முதல் கடை திறந்தது 2022 அக்டோபரில்; அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளும் கடையில்லாமலே அந்தச் சட்டம் நடந்தது.